வட துருவமா, தென் துருவமா: எந்தக் குளிரைத் தாங்கலாம்?

கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய நகரம்) ஜெனரேட்டர் மெக்கானிக் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: அண்டார்டிகாவில் உள்ள இந்திய நிலையத்துக்கு ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், மனு போடலாமா? ஆர்க்டிக்கிலும் நமக்கு நிலையம் இருக்கிறதே, இரண்டும் பனிதானே, எதில் குளிர் குறைவு? மைனஸ் 89 என்று எங்கோ படித்துவிட்டு அம்மா பயப்படுகிறார். தானே புயலையே பார்த்தவன், காற்றுக்கு நான் அஞ்சமாட்டேன்.

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த மைனஸ் 89.2 டிகிரி 1983 ஜூலை 21 அன்று வோஸ்டாக் என்ற ரஷ்ய நிலையத்தில் பதிவானது. அது கண்டத்தின் உள்ளே, ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் பனிமேட்டின் மேல் இருக்கிறது. உங்களை அங்கே யாரும் அனுப்பப்போவதில்லை. நம்முடைய அண்டார்டிகா நிலையங்களான மைத்ரியும் பாரதியும் கண்டத்தின் ஓரத்தில், தாழ்வான பாறை நிலத்தில் இருப்பவை. மைத்ரியில் கோடையில் சுழியத்தை ஒட்டி நிற்கும், குளிர்காலத்தில் மைனஸ் 30-ஐத் தாண்டும். லேசான குளிர் இல்லைதான், ஆனால் வோஸ்டாக் கதையே வேறு.

இரண்டும் பனிதானே என்றீர்கள். மேலே பார்த்தால் அப்படித்தான், அடியில் என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயம். வட துருவத்தில் இரண்டு மூன்று மீட்டர் பனிக்குக் கீழே கடல், அந்தத் தண்ணீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரிக்குக் கீழே போகாது, ஆகவே மேலே உள்ள காற்றுக்கு அது ஒருவகையில் கணப்பு. மே மாதத்தில் விருத்தாசலம் கொதிக்கும்போது கடல்காற்று வந்து கடலூரைக் காப்பாற்றுகிறதே, அதே வேலையை அங்கே குளிருக்கு எதிராகக் கடல் செய்கிறது. தென் துருவத்தில் இருப்பது நிலம், அதன்மேல் சராசரியாக இரண்டு கிலோமீட்டர் பனி. துருவப் புள்ளியே 2,835 மீட்டர் உயரம். போதாததற்குக் கண்டத்தைச் சுற்றி ஓடும் கடல் நீரோட்டம் வெப்பநீரை நெருங்கவிடாது.

நம் ஆர்க்டிக் நிலையமான ஹிமாத்ரி, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில், ஏறக்குறைய 79 டிகிரி வடக்கில் இருக்கிறது. மைத்ரியைவிடத் துருவத்துக்குக் கிட்டே, ஆனாலும் அட்லாண்டிக்கிலிருந்து ஏறிவரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் குளிர் குறைவு, ஜூலையில் ஐந்தாறு டிகிரி இருக்கும். ஆனால் அங்கே போவது பெரும்பாலும் சிறு குழுக்களாக விஞ்ஞானிகள்தான், மெக்கானிக்குக்கு வேலை இருப்பது அண்டார்டிகாவில். வெள்ளைக் கரடி பயமும் வடக்கில் மட்டும்தான், தெற்கில் ஒன்றுகூடக் கிடையாது. இதையும் அம்மாவிடம் சொல்லலாம்.

சரி, காற்றுக்கு வருவோம். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று சில மணி நேரத்தில் கரை கடந்துவிட்டது. அண்டார்டிகாவில் கண்டத்தின் உள்ளே பனிமேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கி வந்துகொண்டே இருக்கும், பனிப்புயலும் சேர்ந்தால் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி, சிலசமயம் நாள்கணக்கில் பனித்தூளை வாரி அடிக்கும், நீட்டிய கை தெரியாது. வெளியே கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். என்னைக் கேட்டால் தெர்மாமீட்டரைவிட இதற்குத்தான் நீங்கள் மனதைத் தயார் செய்ய வேண்டும்.

உங்கள் தொழிலில் இரண்டு விஷயம் உடனே தெரியும். சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்துவிடும், அதனால் குளிர் தாங்கும் எரிபொருள்தான். கையுறை இல்லாமல் ஸ்பானரைத் தொட்டால், விரலில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே ஒட்டிக்கொண்டு தோலோடு வரும். அப்புறம், காற்று எலும்பாய்க் காய்ந்திருக்கும்: உதடு வெடிக்கும், தீப்பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. கோடையில் வெயில் பனியில் பட்டுத் திரும்பி மூக்குத் துவாரத்துக்குள் வரை சுடும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே போகவே கூடாது.

பருவமும் தலைகீழ். நமக்கு மார்கழிக் குளிர் அடிக்கும்போது அங்கே கோடை, அப்போதுதான் குழு போகும். கோடைக்கு மட்டும் என்றால் சில மாதம். குளிர்காலக் குழு என்றால் ஒரு வருடத்துக்கு மேல், நடுவில் அவசரம் என்றாலும் ஊர் திரும்புவது ஏறக்குறைய முடியாத காரியம், மே கடைசியிலிருந்து இரண்டு மாதம் போல சூரியனையும் பார்க்க முடியாது. முதல் தடவை கோடைக் குழுவுக்குப் போடுங்கள். தேர்வானால் மருத்துவப் பரிசோதனையும் உத்தராகண்டில் அவுலி என்ற மலையூரில் பனியில் பயிற்சியும் இருக்கும். கனத்த உடுப்பைக் கொடுத்துவிடுவார்கள், அதற்காக இப்போதே காசைச் செலவழிக்காதீர்கள். சொத்தைப் பல் இருந்தால் அதை மட்டும் கடலூரிலேயே பார்த்துவிடுங்கள்.