கொப்பிக்குள் ஒரு குறட்டை

கேள்வி: எனக்கு 61 வயது. கல்யாணமாகி 34 வருஷம். பிள்ளைகள் கனடாவில், வெள்ளவத்தை ஃபிளாட்டில் நானும் இவரும்தான். அலுமாரி துடைக்கும்போது இவருடைய கொப்பி ஒன்று கையில் பட்டது. முழுக்கக் கவிதை, முழுக்க நான். தேத்தண்ணி ஆற்றுவது, பல்கனியில் உடுப்புக் காயப்போடுவது, ஒன்றில் என் குறட்டைகூட! நேரில் ஒருநாளும் இப்படிப் பேசாத மனிதர். சிரிப்பதா, கோபிப்பதா? வாசித்ததைச் சொல்லலாமா?

பதில்: அன்புச் சகோதரி, குறட்டைதான் உங்களைச் சுட்டிருக்கிறது என்று விளங்குகிறது. அதற்கு முதலில் வருகிறேன்.

குறுந்தொகையில் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. ஆறே வரி. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய ஒருத்தி கட்டித் தயிரைப் பிசைகிறாள்; அந்த விரலைச் சேலையிலேயே துடைத்துவிட்டு, அதை மாற்றாமல் நிற்கிறாள். தாளிதப் புகை கண்ணை நிறைக்கிறது. அவள் பாடுபட்டுச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று உண்கிறான். அவ்வளவுதான் பேச்சு. அவள் முகம் ‘நுண்ணிதின்’ மகிழ்ந்தது என்கிறது பாட்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அதைக் கண்டானோ என்னவோ, பார்த்துவிட்டு வந்து அந்தப் பெண்ணின் தாயிடம் சொல்பவள், அவளை வளர்த்த செவிலித்தாய்.

தயிர்க்கறையைக் கழுவிவிட்டு அந்தப் பெண்ணைக் காட்டியிருந்தால் எனக்கு அவளைப் பிடித்திருக்காது. உங்கள் குறட்டையும் அந்தக் கறை மாதிரித்தான். அது எழுதப்பட்ட இரவில் இவர் தூங்கவில்லை என்பதையும் யோசியுங்கள். உங்கள் வீட்டில் செவிலி வேலையையும் இவரே பார்த்திருக்கிறார்.

சரி, சொல்வதா? சொல்லிவிடுங்கள். கேட்காமல் வாசித்தது பிழைதான், மறைத்தால் அது இன்னும் வளரும். ஆனால் சாப்பாட்டு மேசையில் முகத்துக்கு நேரே வேண்டாம், கூச்சக்காரர் போலத் தெரிகிறது. பின்னேரம் மரைன் டிரைவ் பக்கம் நடக்கப் போங்கள். இருவரும் கடலைப் பார்த்தபடி நடக்கும்போது, உங்களுக்குப் பிடித்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை, ரயில் ஒன்று வந்து அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

பிள்ளைகளுக்கு இப்போது சொல்லாதீர்கள். அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப்பில் வந்துவிடும், அப்புறம் மனிதர் பேனையைத் தொடமாட்டார். புத்தகமாக அடிக்கும் யோசனையும் உங்களிடமிருந்து வர வேண்டாம்.

கொப்பியை எடுத்த இடத்திலேயே வையுங்கள். குறட்டைக் கதையை அவராக எடுத்தால் மட்டும், தானும் விடுவது தெரியுமா என்று கேளுங்கள்.