எட்டு இலட்சத்தை எதில் போடுவது?

கேள்வி: ஐயா, கிளிநொச்சி தர்மபுரத்தில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 43 வயது. கணவர் மேசன், நாட்கூலி வேலை. நான் வீட்டில் தைக்கிறேன். மகள் ஏ.எல். எடுத்தாள், கம்பஸ் கிடைக்கவில்லை. மகன் எட்டாம் ஆண்டு. கனடாவில் இருக்கும் அண்ணா 8 இலட்சம் அனுப்பி, "பிரயோசனமான ஒன்றில் போடு, திருப்பித் தர வேண்டாம்" என்றார். கணவர் அதை முற்பணமாகக் கட்டி லீசிங்கில் ஓட்டோ எடுப்போம் என்கிறார். மச்சாள் சீட்டுக்குக் கூப்பிடுகிறாள். பெரியம்மாவின் மகன் போனில் ஒரு அப்பைக் காட்டி, நாளுக்கு 1 வீதம் வரும் என்கிறான். மாமிக்கு வங்கியில் நம்பிக்கை இல்லை, நகை வாங்கச் சொல்கிறார். மகளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கோர்ஸுக்கு நாலரை இலட்சம் கேட்கிறார்கள். 80,000 ரூபாவுக்குப் பழைய ஓவர்லொக் மெஷின் ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது. அதோடு, என் அட்டியல் அடகுக் கடையில் இரண்டரை இலட்சத்துக்கு இருக்கிறது, மாத வட்டி 2.5 வீதம். மகளிர் குழுக் கடன் 1 இலட்சம், கிழமைக்கு 2,500 படி 52 கிழமை. 16 கிழமை கட்டிவிட்டேன். வீடு இருப்பது மாமாவின் பெயரில் உள்ள பேமிட் காணியில் (அரச அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி). அவர் இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். எதில் போட்டால் பிரயோசனம்?

பதில்: அன்புள்ள சகோதரி, வரப்போகும் இலாபங்களை முன்னால் எழுதிவிட்டு, கடனைக் கடைசியில் "அதோடு" என்று சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான் இருக்கும். நான் அந்தக் கடைசியில் இருந்தே தொடங்குகிறேன்.

அட்டியலுக்கு மாதம் 2.5 வீதம் என்றால் மாதத்துக்கு 6,250 ரூபா, வருடத்துக்கு 75,000 ரூபா. இப்போது 8 இலட்சத்தையும் அப்படியே நிலையான வைப்பில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வருட வட்டி 8 வீதம் கிடைத்தாலும் 64,000 ரூபாதான். அதாவது இரண்டரை இலட்சத்தைக் கொடுத்து அட்டியலை மீட்டால் மிஞ்சுவது, முழு 8 இலட்சமும் வங்கியில் இருந்து உழைப்பதை விட அதிகம். வருடத்துக்கு 30 வீதம் நிச்சயமாகத் தரும் முதலீடு வேறு எதுவும் இந்த நாட்டில் உங்களுக்குக் கிடைக்காது. முதல் வேலையாக அட்டியலை மீட்டு வாருங்கள். மாமிக்கும் சந்தோசம், நகை வீட்டுக்கு வந்துவிடும். பிறகு ஒரு அவசரத்துக்கு மறுபடி வைக்க நேர்ந்தால் தனியார் கடைக்குப் போகாமல் அரச வங்கியின் அடகுப் பிரிவுக்குப் போங்கள். வட்டி குறைவு.

குழுக் கடன் கொஞ்சம் சிக்கலானது. 1 இலட்சத்துக்கு 52 தரம் 2,500 கட்டினால் மொத்தம் 1,30,000. "வட்டி 30 வீதம்தானே" என்று லோன்காரர் சொல்லியிருப்பார். ஆனால் அந்த 1 இலட்சம் வருடம் முழுவதும் உங்கள் கையில் இருக்கவில்லையே. முதல் கிழமையில் இருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். குறைந்துகொண்டு போகும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி வருடத்துக்கு 54 வீதம் அளவில் வருகிறது. போர் முடிந்த பிறகு வன்னிக் கிராமங்களில் இந்தக் கிழமைக் கடன் எத்தனை வீடுகளைக் குலைத்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 இல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால் பாருங்கள்.

அப்படியானால் இதையும் உடனே அடைத்துவிடலாமா? ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடையுங்கள். மீதி 36 கிழமைக்கு 90,000 ரூபா இருக்கிறது. இதில் முதல் 75,000 ரூபா அளவுதான், மிச்சம் இனி வரவேண்டிய வட்டி. "இன்றைக்கே முடித்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள், தொகையை எழுத்தில் வாங்குங்கள். 75,000, 78,000 என்றால் கட்டி முடியுங்கள். "எப்படியும் 90,000 முழுக்கக் கட்டத்தான் வேண்டும்" என்றால் முந்திக் கட்டுவதால் உங்களுக்கு ஒரு சதமும் மிச்சமில்லை. அந்தக் காசைச் சேமிப்புக் கணக்கில் போட்டு, கிழமைக்குக் கிழமை எடுத்துக் கட்டுங்கள். முடித்ததும் கடன் தீர்ந்ததாகக் கடிதம் வாங்குங்கள். குழுவில் மற்றவர்களுக்குப் பிணை நின்றிருந்தால், அதில் இருந்தும் விடுவித்ததாக அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போது கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அடுத்தது ஓவர்லொக் மெஷின். உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், நீங்களோ ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். இப்போது தைத்த உடுப்பைத் தூக்கிக்கொண்டு சந்திக் கடைக்குப் போய், காசு கொடுத்து ஓரம் அடிப்பித்து வருகிறீர்கள் என்றே நினைக்கிறேன். ஒரு உடுப்புக்கு 50 ரூபா, மாதம் 60 உடுப்பு என்றால் 3,000 ரூபா, வருடத்துக்கு 36,000. கரண்ட், நூல், பழுது எல்லாம் கழித்து 24,000 என்று வைத்தாலும் 80,000 ரூபாவுக்கு 30 வீதம். உங்கள் சரியான கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். போய் வரும் நேரமும் மிச்சம். சந்திக்குப் போய்க் காத்திருந்து வரும் அந்த நேரத்தில் இன்னொரு சட்டை தைக்கலாம், தை மாதம் பள்ளிக்கூட யூனிபோர்ம் ஓடர் குவியும்போது அது பெரிய விசயம். வாங்க முன் ஒரு மெக்கானிக்கோடு போய்த் துணி போட்டு ஓட்டிப் பாருங்கள். அந்த மெஷினுக்கு லூப்பரும் ஊசியும் கிளிநொச்சியில் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

மகளின் விசயத்தில் அவசரப்பட வேண்டாம். நாலரை இலட்சம் கேட்கும் இடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: முடிவில் தருவது என்.வி.கியூ. (தேசிய தொழிற்றகைமை) சான்றிதழா, எந்த மட்டம்? போன வருடம் முடித்தவர்களில் மூன்று பேரின் போன் நம்பர் தருவீர்களா? முகம் மாறினால் திரும்பி வாருங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே அறிவியல்நகரில் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அரச நிறுவனம், என்.வி.கியூ. 4 இல் இருந்து 6 வரை போகலாம், ஆறாம் மட்டம் உயர் டிப்ளோமாவுக்குச் சமம். பரந்தன் போய் ஏ9 இல் பஸ் மாறினால் தினமும் வீட்டில் இருந்தே போய் வரலாம். பெண்பிள்ளைக்கு மெக்கானிக் படிப்பா என்று கணவர் இழுத்தால், அங்கே உணவுத் தொழில்நுட்பமும் கணினியும் இருக்கின்றன, மகளையே நேரில் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். பிறகு மெக்கானிக்தான் வேண்டும் என்று அவளே நின்றால் விட்டுவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்: நாளுக்கு 1 வீதம் வட்டிக்கு வட்டியாக ஏறினால் ஒரு வருடத்தில் காசு 38 மடங்காகும், உங்கள் 8 இலட்சம் 3 கோடி. அப்படி ஒரு வழி இருந்தால் அதை உங்கள் பெரியம்மாவின் மகனுக்கு ஏன் சொல்கிறார்கள்? ஆள் சேர்த்தால் கொமிசன் என்பது பிரமிட் திட்டம், வங்கிச் சட்டப்படி குற்றம். சேர்ந்தவர் நட்டப்படுவார், சேர்த்துவிட்டவர் பொலிஸுக்குப் போவார். தம்பி நம்பாவிட்டால் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது, போய்க் கேட்கட்டும். சீட்டு: தெரிந்த பத்துப் பேர், சிறு தொகை என்றால் சேருங்கள், மாதாமாதம் மிச்சம் பிடிக்க நல்ல பழக்கம். வந்த காசைக் கொண்டுபோய்ப் போட அது இடமில்லை.

ஓட்டோவுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் உங்கள் கணவர் மேசன், ஓட்டோ ஓட்டும் நாளில் மேசன் கூலி இல்லை. ஓட்டோவின் வருமானத்தில் இருந்து அந்தக் கூலியையும் லீசிங் தவணையையும் கழித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதால் பழைய வாகனங்கள் கூட விலை ஏறின. அதைப் பார்த்துத்தான் பலரும் வாகனம் வாங்கினால் நட்டம் வராது என்று நினைக்கிறார்கள். 2025 இல் இறக்குமதி திறந்துவிட்டது. இனி வாகனம் ஓட ஓட விலை இறங்கும்.

நகை பற்றி மாமி சொல்வது வெறும் பழங்கதை இல்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை போனபோது வங்கியில் காசு வைத்தவரை விட வீட்டில் பவுண் வைத்தவர்தான் தப்பினார். வன்னி மக்களுக்கு இன்னொரு காயமும் உண்டு: புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகத்தில் போட்ட காசும் வைத்த நகையும் 2009 உடன் போயிற்று. அதைக் கண்ட ஒரு மனுசியிடம் "வங்கியை நம்புங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ முறிந்தால் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு அரசாங்கமே பொறுப்பு. மீட்டு வரும் அட்டியல் உங்கள் பவுண் பங்காக இருக்கட்டும். புதிதாக நகை வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் அன்றைக்கே போய்விடும்.

ஆக, அட்டியல், குழுக் கடன், மெஷின் மூன்றுக்கும் ஏறக்குறைய 4 இலட்சம் போகும். மீதி 4 இலட்சத்தில் ஒன்றரை இலட்சம் சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். கணவர் சாரத்தில் இருந்து விழுந்தால், மழைக்காலத்தில் இரண்டு மாதம் வேலை இல்லாவிட்டால், இரணைமடு வான்கதவு திறந்து 2018 மார்கழி போல ஒரு வெள்ளம் வந்தால், மறுபடி குழுக் கடனுக்குப் போகாமல் காப்பது அந்தக் காசுதான். மிச்சம் இரண்டரை இலட்சத்தை மகள் பெயரை நினைத்து ஒரு வருட நிலையான வைப்பில் போடுங்கள். வட்டியில் 10 வீதம் வரி வெட்டுவார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்பதால் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். வங்கியில் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். இனி அடகு வட்டியாகப் போகாத 6,250 ரூபாவை என்ன செய்வது என்றும் இன்றைக்கே முடிவு செய்யுங்கள். கம்பனியில் வேலை செய்பவருக்குச் சேமலாப நிதியில் தொழிலாளி 8, முதலாளி 12 என்று 100 ரூபாவுக்கு 20 ரூபா சேர்கிறது. நாட்கூலி மேசனுக்கு அதைப் போடும் முதலாளி இல்லை, நீங்கள்தான் போட வேண்டும்.

கடைசியாக, நீங்கள் என்னிடம் கேட்காத ஒன்று: மாமாவின் பேமிட் காணி. இதற்குக் காசு பெரிதாக வேண்டாம், நடக்க நேரம் வேண்டும். மாமா பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணி சேர வேண்டியவராக, யாரையாவது எழுதிப் பதிந்திருந்தாரா என்று கண்டாவளைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி உரிமை முதலில் மாமிக்கு வரும், அவரின் ஆயுட்காலம் வரை. அதற்குப் பிறகு, மாமா பதிந்து வைத்தவருக்கு. யாரையும் பதியவில்லை என்றால் பிள்ளைகளுக்கு, பிள்ளைகளிலும் வயதில் மூத்தவருக்கே முதலிடம். முன்பு ஆண்பிள்ளையை முன்னால் வைத்தார்கள், 2022 திருத்தத்தோடு அது போய்விட்டது. ஆகவே உங்கள் கணவருக்கு மூத்த அக்கா ஒருவர் இருந்தால், இந்த வீடு இருக்கும் நிலத்துக்கு அவர்தான் முன்னுக்கு நிற்பார். அவர் கேட்க மாட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். அவரின் பிள்ளைகளைப் பற்றி யாருக்குத் தெரியும்? மாமி நடமாடித் திரியும்போதே எல்லாரும் ஒன்றாக இருந்து பேசி, காணி உத்தியோகத்தரிடம் போய் முறைப்படி செய்துகொள்ளுங்கள். அது முடியும் வரை அந்த வீட்டில் புது அறை, மதில், குழாய்க்கிணறு என்று ஒரு பெரிய செலவும் செய்ய வேண்டாம்.

கணவருக்கு வேலை இல்லாத ஒரு நாளில் மாமியையும் கூட்டிக்கொண்டு முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். அசல் பேமிட், மாமாவின் இறப்புச் சான்றிதழ், மாமியின் விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகள் எல்லாரினதும் பிறப்புச் சான்றிதழ், ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோகொப்பி. இடப்பெயர்வில் பேமிட் தொலைந்திருந்தால் அதற்காகப் பின்வாங்க வேண்டாம், பிரதேச செயலகப் பதிவேட்டில் இருந்து உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள்.