ரிசார்ட்டுக்குச் சாப்பாடும் நொறுக்குத்தீனியும் கொண்டுபோகலாமா?

குழந்தைகளோடு ரிசார்ட்டுக்குப் போகும்போது சாப்பாட்டை நாமே எடுத்துப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நொறுக்குத்தீனிக்குப் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முழுச் சாப்பாடு என்றால் முன்பதிவுக்கு முன்பே விதியைக் கேட்டுவிடுங்கள். வெளி உணவுக்குத் தடை போடும் இடங்கள் நிறைய. கைக்குழந்தை உணவு, ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள், வரவேற்பறையில் ஆள் மாறினால் பேச்சும் மாறும்.

சிக்கலே அறையிலுள்ள குட்டி ஃபிரிட்ஜில்தான். பானங்களுக்கான பெட்டி அது. கெட்டுப்போகும் உணவுக்கு வேண்டிய 4 டிகிரி செல்சியஸுக்குப் பல நேரம் இறங்காது. போதாக்குறைக்கு, சுவரில் செருகிய சாவி அட்டையை உருவினால் சில இடங்களில் அதற்கும் மின்சாரம் நின்றுவிடும். சில மினிபாரில் (விலைக்கு விற்கும் பானங்கள் அடுக்கிய ஃபிரிட்ஜ்) சென்சார் வேறு. நம் பால் பாட்டிலுக்கு இடம் பண்ண அவர்கள் பாட்டிலை நகர்த்தினாலே பில்லில் ஏறும்! முதலிலேயே காலி செய்து தரச் சொல்லுங்கள். சமைத்த உணவு வெளியே 2 மணி நேரம் தாங்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

என்னைக் கேட்டால் பிஸ்கட், கடலை, உலர்பழம் போதும். இறுக மூடும் டப்பாவில் போடுங்கள், இல்லையென்றால் எறும்பு விடாது. காலை உணவு கட்டணத்தில் அடங்கியிருந்தால் அதற்கென்று எதுவும் சுமக்க வேண்டாம். பிள்ளைகள் பசி பசி என்று பறப்பது நீச்சல்குளத்திலிருந்து ஏறியதும், உணவகம் திறப்பதற்கு முன்னால்தான்.