டீ கப் சாட்சி சொல்லாது

கேள்வி: ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்தன்று ஒருவர் வந்து, ‘நானும் அவர் பிள்ளைதான்’ என்று அப்பா வாங்கிய பெரம்பூர் வீட்டில் பங்கு கேட்கிறார். அம்மா உடைந்துபோய்விட்டார். வந்தவர் குடித்துவிட்டு வைத்த டீ கப்பையும் என் எச்சிலையும் தனியார் லேபில் கொடுத்தேன். ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்கிறார்கள். கோர்ட் மூலம் டிஎன்ஏ சோதனை கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் கேட்காதீர்கள்.

அப்பா அப்படிப்பட்டவரா, காரிய வீட்டில் வந்து பேசலாமா என்பதெல்லாம் வழக்குக்கு உதவாது. வந்தவரின் அம்மாவுக்கும் உங்கள் அப்பாவுக்கும் கல்யாணம் என்று ஏதாவது நடந்ததா? அது ஒன்றுதான் விஷயம். உங்கள் அம்மா இருக்கும்போதே கோயிலில் தாலி கட்டியிருந்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. ஆனால் அதில் பிறந்த பிள்ளைக்கு இந்து திருமணச் சட்டம் பிரிவு 16-இன்படி அப்பா சொத்தில் பங்கு உண்டு. 2023-இல் ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. கல்யாணமே நடக்கவில்லை என்றால், ரத்த உறவு நிரூபணமானாலும் அவருக்குப் பங்கு கிடைப்பது கஷ்டம்.

இந்த இடத்தில்தான் கட்சிக்காரர்கள் சறுக்குகிறார்கள். கல்யாணம் நடந்தது என்று காட்ட எதிராளி கையில் ஒரு பழைய போட்டோ, ஒரு ரேஷன் கார்டு, அவ்வளவுதான் இருக்கும். நம்ம ஆள் கோபத்தில் டிஎன்ஏ மனு போடுவார். எதிராளி மறுத்தால், கட்டாயப்படுத்துவது கடினம். சொத்து வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் அசோக் குமார் தீர்ப்பு அப்படி. ‘சரி, தருகிறேன்’ என்றால்தான் வினை. முன்பெல்லாம் அப்பாவின் மாதிரி இல்லாமல், தாய் வேறான இரண்டு சகோதரர்களை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு வந்ததுபோல மழுப்பலான ரிப்போர்ட்தான் வரும். அப்பா வழி ஆண்களுக்கெல்லாம் ஒன்றுபோல வரும் ஒய் குரோமோசோம் பொருந்தினாலும் சித்தப்பா மகனாக இருக்கலாம் என்று வாதாடிவிடலாம். இப்போது லட்சக்கணக்கான மரபணுப் புள்ளிகளைப் படிக்கும் முறை வந்துவிட்டது. சகோதரனா, சித்தப்பா மகனா என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடும். அப்புறம் அவருடைய பாதி வழக்கை உங்கள் செலவில் நீங்களே நிரூபித்த கதைதான். அந்த ரேஷன் கார்டையும் நீதிபதி வேறு கண்ணால் பார்ப்பார்.

டீ கப்பை மறந்துவிடுங்கள். தேனி சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதில் இருந்த குளறுபடி அதற்கு முக்கியக் காரணம். இனி மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னது. போலீஸ் எடுத்த மாதிரிக்கே அந்தக் கதி. உங்கள் கப் எந்தப் பையில், யார் வண்டியில் போனது? கேட்காமல் எடுத்ததற்கு அந்தரங்க உரிமை என்று அவர் வக்கீல் வேறு குதிப்பார்.

அப்பாவின் பென்ஷன் பேப்பர், ரயில்வே பாஸுக்குக் கொடுத்த குடும்ப விவரம் இரண்டையும் முதலில் தேடி எடுங்கள். அவற்றில் வந்தவரின் பெயர் இருந்தால் வீம்பு வேண்டாம், பேசி முடியுங்கள். அம்மா, நீங்கள், அவர் என்று மூன்றே பேர் என்றால், தோற்றால் போவது மூன்றில் ஒரு பங்கு. பேசினால் அதைவிடக் குறைவாக முடிய வாய்ப்புண்டு. அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாகும் அன்றைக்குப் பணத்தைக் கொடுங்கள், அதற்கு முன் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.