காற்றுக்கா அசைந்தது அந்தப் பை?

கேள்வி: மெல்போர்னில் முதுநிலைப் பட்டம் படிக்கிறேன். வயது 23. சொந்த ஊர் தேனி பக்கம். ஜூன் மாத விடுமுறையில் அறை நண்பர்கள் மூவருடன் கிராம்பியன்ஸ் மலைக்குப் போனேன். நண்பனின் காரை நான்தான் ஓட்டினேன். ஹால்ஸ் கேப்பிலிருந்து திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. புதரிலிருந்து பாய்ந்த கங்காரு ஒன்று காரில் மோதி இறந்துவிட்டது. நான் மட்டும் இறங்கிப் பார்த்தேன். ஒரு கங்காருவை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் முறை. வயிற்றுப் பக்கம் ஏதோ அசைந்தது போல இருந்தது. காற்றாக இருக்கும், குளிருகிறது வா என்று நண்பர்கள் கூப்பிட்டார்கள். கிளம்பிவிட்டோம். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. விசாவுக்குச் சிக்கல் வருமா? இது பாவமா? அம்மாவிடம் வேறு காரணம் சொல்லி ஊர்க் கோயிலில் ஏதாவது பரிகாரம் செய்யச் சொல்லலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவர் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: தம்பி, வயதை எழுதியிருப்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். ‘கலங்காதே, உன் மேல் தப்பில்லை’ என்ற வரியைத் தேடித்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பாய். அது இங்கே கிடைக்காது.

மோதியதற்காக நான் உன்னைத் திட்டப்போவதில்லை. அந்தியும் விடியலும் கங்காரு மேய்ச்சலுக்குக் கிளம்பும் நேரம். விளக்கு வெளிச்சத்தில் அது எந்தப் பக்கம் பாயும் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் தெரியாது. கங்காரு படம் போட்ட மஞ்சள் பலகையின் கீழ் நின்று நீங்கள் நால்வரும் போட்டோ எடுத்திருப்பீர்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லி வைத்த பலகை அது. சரி, அதை விடு. விசா பயத்தைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவிப் பிரிவில் போய்க் கேள். கார் நண்பனுடையது, ஓட்டியது நீ. பழுது பார்க்கும் செலவை அவன் கேட்பதற்கு முன் நீ பேசு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். நசுங்கிய பம்பருக்கு ஒரு பத்தி, விசாவுக்கு ஒன்றரைப் பக்கம். அசைந்த வயிற்றுக்கு ஒரே ஒரு வரி, அதிலும் ஒரு ‘போல’. அந்தப் ‘போல’வை அடித்துவிட்டு அந்த வரியை நீயே இன்னொரு முறை படித்துப் பார்.

காற்று என்றார்களாம். கங்காருவின் பை கொடியில் காயும் வேட்டியா, காற்றுக்கு ஆட? அதன் வாய் தசையால் இறுகியிருப்பது. அசைந்தது குட்டி. பிறக்கும்போது அது ஒரு கிராம்கூட இருக்காது, அவரை விதை அளவுதான். கண் திறக்காத நிலையில், தாயின் ரோமத்தைப் பற்றிக்கொண்டு தானே ஏறிப் பைக்குள் போய்க் காம்பைக் கவ்விக்கொள்கிறது. காம்பு அதன் வாய்க்குள் உப்பி, பூட்டுப் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். பிறகு பல மாதம் அந்தப் பைதான் உலகம். ஒரே தாய், வெளியே துள்ளித் திரியும் மூத்த குட்டிக்கு ஒரு காம்பிலும் பைக்குள் இருக்கும் சின்னதற்கு வேறொரு காம்பிலும், இரண்டு விதமான பால் கொடுப்பாள். இருட்டும் நேரத்தில் நின்றுகொண்டிருந்த உன் கண்ணுக்கே அசைவு தெரிந்தது என்றால், அது நேற்றுப் பிறந்த அவரை விதை இல்லை. மாதக்கணக்கில் வளர்ந்த குட்டி.

தாய் செத்த பிறகும் பைக்குள் குட்டி மணிக்கணக்கில் பிழைத்திருக்கும், சில வேளை நாள்கணக்கில்கூட. அந்தச் சாலைகளில் செத்துக் கிடக்கும் கங்காருக்களின் மேல் பெயின்டால் பெருக்கல் குறி போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். யாரோ ஒருவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, பைக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டார், அடுத்து வருபவர் நிறுத்த வேண்டாம் என்பதற்கான குறி அது. நீங்கள் விட்டுவிட்டு வந்ததன் மேல் அந்தக் குறி இல்லை.

பார்த்தவன் நீ. காற்று என்று சொன்னவர்கள் கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள். உன் கண்ணை விட்டுவிட்டு அவர்கள் வாயை ஏன் நம்பினாய்? வசதியாக இருந்தது, அதனால் நம்பினாய். இதே கடிதம் வேறு வேறு ஊரிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. அறைத் தோழிக்குக் காய்ச்சல் கொதித்தது, தூங்கினால் சரியாகும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அப்பாவின் இருமலில் ரத்தம் தெரிந்தது, வெற்றிலைச் சாறாக இருக்கும் என்று அண்ணன் சொன்னான். பார்த்தவர் ஒருவர், சமாதானம் சொன்னவர் இன்னொருவர். பார்த்தவருக்குத்தான் பொறுப்பு என்பது என் கட்சி. அழுகைச் சத்தம் காதில் விழுந்தவள்தான் போய்த் தொட்டிலை ஆட்ட வேண்டும், யார் வீட்டுக் குழந்தை என்று திண்ணையில் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. நான் வளர்ந்த வீட்டில் அதுதான் சட்டம். உன் வீட்டிலும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மனுநீதிச் சோழன் கதையை எடுப்பேன் என்று நினைத்திருப்பாய். எடுக்கவில்லை. அதில் மணியை இழுக்கத் தாய்ப்பசு உயிரோடு இருந்தது.

பாவமா என்று கேட்கிறாய். உனக்கே பதில் தெரியாமலா மூன்று வாரமாக விழித்துக்கொண்டிருக்கிறாய்? என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது அடுத்த கேள்விதான். குட்டியை விட்டுவிட்டு வந்தது நீ, கோயிலில் கால் கடுக்க நிற்க வேண்டியது அம்மா. அதுவும் பொய்க் காரணத்தோடு! அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நிற்பவருக்கு, எதற்காக நிற்கிறோம் என்று தெரிய வேண்டாமா? பிள்ளைக்கு ஏதோ கண்டம் என்று அந்த அம்மா பயந்து சாவார். வீட்டுக்குச் சொல்லாமல் மறைப்பதை அம்மாவைக் காப்பாற்றுவது என்று உன் வயதுப் பிள்ளைகள் நினைக்கிறீர்கள். நீங்கள் காப்பாற்றுவது உங்களை.

இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் நடந்ததை முழுதாகச் சொல். கங்காருவோடு நிறுத்தாதே, குட்டியையும் சொல். திட்டினால் கேட்டுக்கொள், நடுவில் போனை வைக்காதே. பிறகு அவராக விளக்கேற்றினால் ஏற்றட்டும், அது அவர் இஷ்டம்.

நீ செய்ய வேண்டியது அங்கே இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தில் அடிபட்ட காட்டு விலங்குகளுக்கு இரவு பகல் எந்நேரமும் போனை எடுக்க ‘வைல்ட்லைஃப் விக்டோரியா’ என்ற அமைப்பு இருக்கிறது. அதன் எண் உன் போனில் இருக்கட்டும், உன் மூன்று நண்பர்களின் போனிலும் ஏற்று. தாயில்லாக் குட்டிகளைத் துணிப் பையில் போட்டு, நாற்காலி முதுகில் தொங்கவிட்டு, ராத்திரியில் எழுந்து எழுந்து புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிறவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். அடிபட்ட விலங்குகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டு சேர்க்க, கார் ஓட்டத் தெரிந்த தொண்டர்களும் தேவைப்படுகிறார்கள். உனக்கு ஓட்டத் தெரியும்.

இனி ஊருக்கு வெளியே கார் எடுத்தால் டிக்கியில் ஒரு டார்ச், ஒரு துண்டு, ஒரு தலையணை உறை இருக்கட்டும். வண்டியைச் சாலையை விட்டு ஒதுக்கி நிறுத்து, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து இறங்கு, முதலில் போன் செய். குட்டிக்கு ரோமம் முளைக்காமல் ரோஸ் நிறத்தில் காம்போடு ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காதே, வாய் கிழிந்துவிடும். ஆள் வரும்வரை அங்கேயே நில். ரோமம் முளைத்து, காம்பை விட்டிருந்தால் அவர்கள் போனில் சொல்கிறபடி எடுத்து, உறைக்குள் போட்டு, ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள். பாவமாக இருக்கிறதே என்று பசும்பால் புகட்டிவிடாதே, அதற்குச் செரிக்காது.

தலையணை உறை கடையில் வாங்க வேண்டாம். பெட்டியின் அடியில் அம்மா இரண்டு வைத்து அனுப்பியிருப்பார், வைக்காத அம்மா இல்லை. உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடு. தையல் பிசிறு நூலில் குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும்.