கணுக்கால் வலி: ஓடுபவர்களின் கேள்விகள்

கேள்வி: சென்ற ஆண்டு ஓடும்போது பள்ளத்தில் இடறி, இடது பாதம் உட்புறமாக மடங்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. சுளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் தேய்த்து உருவிவிட்ட பிறகு, சில வாரங்களில் நடக்க முடிந்தது. இப்போது 5 கிலோமீட்டரைத் தாண்டினால் அதே கணுக்காலின் வெளிப்புறம் வலிக்கிறது. சில நேரங்களில் கால் தானாகவே புரள்வதுபோல் இருக்கிறது. ஷூவை மாற்றியும் பயனில்லை. காரணம் என்ன?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கால் தானாகப் புரள்வதுபோல் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே காரணத்தைப் பெருமளவு காட்டிவிடுகிறது. பாதம் உட்புறமாக மடங்கும்போது, வெளிக்கணுவின் முன்பக்கத்தில் எலும்புகளை இணைக்கும் லிகமென்ட் என்னும் தசைநார்தான் பெரும்பாலும் முதலில் கிழிகிறது. வீக்கம் வடிந்து நடக்க முடிந்ததும் குணமாகிவிட்டது என்று எண்ணி மீண்டும் ஓடத் தொடங்குகிறோம். ஆனால் பாதம் எந்தக் கோணத்தில் ஊன்றியிருக்கிறது என்பதை மூளைக்கு உணர்த்தும் திறன் அந்த மூட்டில் இன்னும் மீண்டிருப்பதில்லை. அதனால் பாதம் புரளத் தொடங்கும் கணத்தில் அதைத் தடுக்க வேண்டிய கெண்டைக்காலின் வெளிப்புறத் தசைகள் தாமதமாக இயங்குகின்றன. அந்தத் தசைகளை எலும்போடு இணைத்து, வெளிக்கணுவின் பின்னால் வளைந்து இறங்கும் தசைநாண்கள் அளவுக்கு மீறி உழைத்து வலியெடுக்கின்றன. இதை எந்த ஷூவும் சரிசெய்யாது.

சுவருக்கு அருகில் வெறுங்காலுடன் வலது காலில் மட்டும் 30 விநாடி நின்று பாருங்கள். பிறகு இடது காலில் நில்லுங்கள். விரல்கள் தரையைப் பற்றத் தவிப்பதும், பாதத்தின் விளிம்புகள் மாறி மாறி எழுவதும் இடது காலில் கூடுதலாகத் தெரிந்தால், அந்தப் பயிற்சியையே நாள்தோறும் செய்ய வேண்டும். தடுமாற்றம் குறைந்தபின் மடித்த போர்வையின்மேல் நின்று பழகலாம். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்புறமாகத் தள்ளும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தில் சரிந்திருப்பதால், எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடாமல், சில வாரங்களுக்குச் சமதரையில் குறைந்த தூரம் ஓடுங்கள். அப்போதும் கால் புரண்டால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாகப் புரண்ட கணுக்காலை, எலும்பு முறியவில்லை என்று உறுதியாகும் முன் உருவவோ இழுக்கவோ கூடாது. கனடாவின் ஒட்டாவா நகரில் 1992இல் வகுக்கப்பட்டு, இன்றும் மருத்துவர்கள் பின்பற்றும் விதிகளின்படி, கணுப் பகுதியில் வலி உள்ளவர் அடிபட்டவுடனும் பரிசோதனையின்போதும் 4 அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணு எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தும்போது வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

கேள்வி: காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் கணுக்காலின் பின்புறம் விறைத்து வலிக்கிறது. ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் குறைந்துவிடுகிறது. மராத்தானுக்காக அண்மையில் தூரத்தைக் கூட்டினேன். தொடர்ந்து ஓடலாமா?
வாசகி, திருச்சி

பதில்: குதிகாலுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே, இரு விரல்களால் கிள்ளிப் பார்த்தால் வலிக்கிறதா? அப்படியானால் அக்கிலீஸ் தசைநாண் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். உடல் சூடேறியதும் வலி மறைவதால் பலர் ஏமாந்து தூரத்தை மேலும் கூட்டிவிடுகிறார்கள். முழு ஓய்வு தேவையில்லை. தூரத்தையும் மேட்டில் ஓடுவதையும் குறைத்துக்கொண்டு, படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியைச் செய்யுங்கள். 1998இல் சுவீடன் மருத்துவர்கள் வெளியிட்ட முறையில் இது நாளுக்கு இருமுறை, 12 வாரங்கள் செய்யப்பட்டது, பொறுமை வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளை அண்மையில் உட்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவை இந்தத் தசைநாண் அறுபடும் ஆபத்தைக் கூட்டக்கூடியவை.

வலி தசைநாணில் இல்லாமல் எலும்பின்மேல் ஒரே புள்ளியில் இருந்து, ஓட ஓடக் கூடினால், ஓட்டத்தை உடனே நிறுத்திவிடுங்கள். அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாத பெண்களிடமும் மாதவிடாய் தவறிவரும் பெண்களிடமும் இந்த விரிசல் கூடுதலாக ஏற்படுகிறது. மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.