மனிதத் தவறு என்று எழுதப்பட்டிருப்பது

வணக்கம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 8 அன்று, 2021-இல் இங்கே குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்து இறந்தவர்களுக்கு எங்கள் பள்ளியில் அஞ்சலி செலுத்துகிறோம். மேகத்துக்குள் நுழைந்ததே காரணம் என்று 2022 ஜனவரியில் விசாரணைக் குழு சொன்னது. 2024 டிசம்பரில் வெளிவந்த நாடாளுமன்றக் குழு அறிக்கையிலோ ‘மனிதத் தவறு’ என்று இருக்கிறது. விமானி தப்பு செய்துவிட்டாரா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

ஓர் ஆசிரியை, குன்னூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நாடாளுமன்றக் குழு 2017–22 காலத்து விமானப்படை விபத்துகள் 34-ஐயும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொல்லில் காரணம் குறித்திருக்கிறது. அப்படிச் சுருக்கியதில் வந்த சொல் அது. முப்படை விசாரணைக் குழு கருப்புப் பெட்டிப் பதிவுகளை ஆராய்ந்து, சதி இல்லை, இயந்திரக் கோளாறு இல்லை, அலட்சியமும் இல்லை என்றது. அலட்சியம் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லுங்கள். ஓட்டியவர் விங் கமாண்டர் பிருத்வி சிங் சௌகான். கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்தின் 109-ஆம் ஹெலிகாப்டர் பிரிவுக்கே தலைவர்.

சூலூரில் கிளம்பியது 11.48-க்கு. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் 12.15-க்கு இறங்க வேண்டும். 12.08-க்குத் தொடர்பு அறுந்தது. சூலூர் 400 மீட்டர் உயரம்கூட இல்லை, வெலிங்டனோ 1,800-க்கு மேல். ஈரக்காற்று சரிவேறும்போது 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குளிர்ந்து, ஒரு கட்டத்தில் மேகமாகிவிடும். கீழே பர்லியாறில் வெயில் காய, அதே நேரம் மேலே காட்டேரியில் எதிரே இருக்கும் தேயிலைச் செடி தெரியாமல் மூடியிருப்பதை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நமக்கு அது மூடுபனி. விமானிக்கு மேகம்.

மேகத்துக்குள் அடிவானம் தெரியாது, உடம்பு பொய் சொல்லும். இதை வகுப்பிலேயே காட்டலாம். சுழல் நாற்காலியில் ஒரு மாணவரை உட்காரவைத்துக் கண்ணைக் கட்டுங்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று கட்டைவிரலால் காட்டச் சொல்லுங்கள். மெதுவாக, ஒரே வேகத்தில் சுற்றுங்கள்; வேகம் மாறினால் பலிக்காது, யாரும் பேசவும் கூடாது, சத்தம் திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். 20 விநாடி போனால் விரல் நிமிர்ந்துவிடும், நின்றுவிட்டோம் என்று நினைப்பார். நிறுத்தியதும் விரல் எதிர்ப்பக்கம் திரும்பும். உட்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் சுழற்சிக்கு ஈடுகொடுத்துக் கூடவே ஓட ஆரம்பித்துவிடுவதுதான் காரணம். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இந்தக் காது மாறாது.

இதற்குப் பயிற்சி உண்டு. வெளியே பார்ப்பதை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் நம்பி, ஹெலிகாப்டரைச் சாய்வில்லாமல் நிலைப்படுத்தி, விசையைக் கூட்டி நேரே ஏற வேண்டும். சமவெளிக்கு மேல் அதற்கு நேரம் கிடைக்கும். பள்ளத்தாக்கில் பக்கவாட்டிலும் மலை, எதிரிலும் மலை. இருப்பது சில விநாடி. பழுதில்லாத இயந்திரம் விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, அவர் அறியாமல் தரையில் மோதுவதற்கு விமானத் துறையில் தனிப்பெயரே இருக்கிறது. விசாரணை சொன்னது அதைத்தான்.

ஒரு வேண்டுகோள். ஜெனரல் பிபின் ராவத்தின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். விமானக் குழுவில் இருந்த குல்தீப் சிங், ராணா பிரதாப் தாஸ், பிரதீப் பெயர்களையும் பலகையில் எழுதுங்கள். குடத்தில் தண்ணீரும் வீட்டுக் கம்பளியுமாக ஓடிய நஞ்சப்பசத்திரத்து மக்களைப் பற்றியும் சொல்லுங்கள். விளக்கேற்றுவதானால் 8-ஆம் தேதி, அன்றே இறந்தவர்களுக்காகப் பதின்மூன்று ஏற்றுங்கள். வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் பயிற்றுநராக இருந்து, விருந்தினரான ராவத்தை அழைத்துவர சூலூர் போய் அதே ஹெலிகாப்டரில் திரும்பிய குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி பெங்களூரு ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அவருக்கான பதினான்காவது விளக்கு 15-ஆம் தேதிக்கு.